விண்டோஸ்: மூன்று தலைவர்களிடம் வளர்ந்த பிள்ளை

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றதிலிருந்து, கணினி பற்றி ஏதோ தெரிந்தவன் என்று என்னை நம்பும் சிலர் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: 11-க்கு மாறலாமா? மாறலாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் 11-ஐ மட்டும் தனியாக எடுத்து வைத்து நல்லது கெட்டது சொன்னால் அது பாதி விமர்சனம்தான். ஸ்டார்ட் மெனுவில் நாம் கேட்காத பரிந்துரைகள் ஏன் வந்து உட்காருகின்றன, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு லேப்டாப்பைப் பார்த்து இதற்குத் தகுதியில்லை என்று ஏன் கைவிரிக்கிறது என்பதெல்லாம் புரிய வேண்டுமென்றால், அதைச் செய்யும் மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் பெரிய நாற்காலியில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்ற இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஐம்பது வருடக் கம்பெனி, மூன்றே மூன்று தலைமைச் செயல் அதிகாரிகள். 95-இலிருந்து 11 வரை (மில்லேனியம் எடிஷன் என்று ஒன்று வந்ததே, அதைத் தவிர) எல்லாவற்றிலும் உட்கார்ந்து வேலை பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன்.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்குச் சந்தை தோற்றவர் என்று முத்திரை குத்திய ஆளின் காலத்தில்தான் ஆகச் சிறந்த விண்டோஸ் வந்தது. சந்தை தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஆளின் காலத்தில் விண்டோஸ் கொஞ்சம் கொஞ்சமாக விளம்பரத் தட்டியாகிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே தற்செயலாக நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பில் கேட்ஸ் காலத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம், எல்லோருக்கும் தெரிந்த கதை. 1975-இல் பால் ஆலனோடு சேர்ந்து ஆரம்பித்தார், 2000 ஜனவரியில் பொறுப்பை ஸ்டீவ் பால்மரிடம் கொடுத்தார். அவர் காலத்தில் விண்டோஸ்தான் பட்டத்து யானை. மற்ற எல்லாமே அதன் பின்னால் நடக்க வேண்டியவை. 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95-இல்தான் ஸ்டார்ட் பட்டனும் டாஸ்க்பாரும் வந்தன, இடது கீழ் மூலையில், கை தானாகப் போய் நிற்கிற இடத்தில். அதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. எங்கே தொடங்குவது என்று அதுவே எழுதி வைத்திருந்தது, அங்கே அழுத்தினேன், திறந்தது, அவ்வளவுதான்.

அந்தக் காலத்து மைக்ரோசாஃப்டின் குணத்தைச் சொல்ல எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. சிம்சிட்டி என்று ஒரு பழைய விளையாட்டு. நினைவகத்தில் ஓர் இடத்தை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகும் அந்த இடத்தையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நிரல். தப்பு முழுக்க முழுக்க விளையாட்டை எழுதியவர்களுடையது. அதுவரை அது எப்படியோ ஓடிவிட்டது, விண்டோஸ் 95-இல் ஓடாது. விண்டோஸ் குழு என்ன செய்தது தெரியுமா, ஓடுவது சிம்சிட்டிதானா என்று கண்டுபிடித்து, ஆமாம் என்றால் அதற்காக மட்டும் நினைவகத்தை வேறு மாதிரி கையாளும் நிரலை விண்டோஸுக்குள்ளேயே எழுதி வைத்தது. வாங்குகிறவன் புதிய விண்டோஸைப் போட்டதும் தன் பழைய விளையாட்டு ஓடவில்லை என்றால் விண்டோஸைத்தான் திட்டுவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தொழில்நுட்பம் தெரிந்த, பொருளைத் தானே நோண்டிப் பார்க்கிற ஒருவர் மேலே இருந்தால் கீழே இருப்பவர்களுக்கு இப்படி ஒரு பிடிவாதம் வந்துவிடும்.

அதே பிடிவாதம்தான் வினையையும் கொண்டுவந்தது. தன் உலாவியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை விண்டோஸோடு சேர்த்தே கட்டிக் கொடுத்ததற்காக 1998-இல் அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது, 2000 ஜூனில் கம்பெனியை இரண்டாக உடைக்கச் சொல்லித் தீர்ப்பே வந்துவிட்டது. அடுத்த வருடம் மேல்முறையீட்டில் அந்த உத்தரவு ரத்தானது என்றாலும், அந்தப் பயம் பல வருடம் அந்தக் கட்டடத்தை விட்டுப் போகவில்லை. இதையெல்லாம் கவனித்துக்கொள்ள வேண்டியவராக நாற்காலியில் உட்கார்ந்தவர் பால்மர். இன்னொன்றும் நடந்தது. 1999 கடைசியில், இணையக் கம்பெனிகளின் பங்குகள் கண்மண் தெரியாமல் ஏறிய அந்தக் குமிழி உச்சத்தில் இருந்தபோது மைக்ரோசாஃப்டின் சந்தை மதிப்பு 60,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது, அவர் பொறுப்பேற்ற சில மாதங்களிலேயே குமிழி உடைந்தது. பால்மர் காலத்தில் பங்கு ஏறவே இல்லை என்று படம் போட்டுக் காட்டுகிறவர்கள் கோட்டை எங்கே இருந்து வரைய ஆரம்பிக்கிறார்கள் என்று பாருங்கள். மலை உச்சியில் நிறுத்திவிட்டு, ஏன் இன்னும் மேலே ஏறவில்லை என்று கேட்பது போலத்தான்.

பால்மர் நிரல் எழுதும் ஆள் கிடையாது. கேட்ஸின் ஹார்வர்டு நண்பர், 1980-இல் சேர்ந்தவர், விற்பனை ரத்தத்திலேயே ஊறியவர். மேடையில் வியர்க்க விறுவிறுக்கக் குதித்து அவர் கத்தும் வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. அவருக்குக் கிடைத்த முதல் வெற்றி விண்டோஸ் எக்ஸ்பி, 2001 அக்டோபர் 25. என் கணக்கில் பத்துக்கு 7 மதிப்பெண். ஆனால் அதற்கான பாராட்டில் பெரும்பங்கு அவருக்குப் போகக் கூடாது. எக்ஸ்பி 95-ஐப் போல அடிக்கடி நிலைகுலையாமல் நின்றதற்குக் காரணம் அதன் அடியில் இருந்த, என்டி என்ற வேறொரு விண்டோஸின் அஸ்திவாரம். அதற்காக டேவ் கட்லர் என்ற பொறியாளரை கம்பெனிக்குக் கொண்டுவந்தது 1988-இல். அதாவது கேட்ஸ் எடுத்த முடிவின் பலன் பதின்மூன்று வருடம் கழித்து, பால்மர் ஆட்சியில், வீட்டுக் கணினி வரை வந்து சேர்ந்தது. இந்தக் கால இடைவெளியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

(நடுவில் ஒன்று. விண்டோஸ் 2000-தான் யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டில் எழுதிய தமிழைச் சரியாகக் காட்டிய முதல் விண்டோஸ். லதா என்ற எழுத்துரு அதோடுதான் வந்தது. அதற்கு முன்னால் ஒருவர் அடித்ததை இன்னொருவர் படிக்க ஒரே எழுத்துருவைத் தேடித் தேடி நிறுவிய காலம் நினைவிருப்பவர்கள் அந்தப் பெயரைப் பார்த்ததும் கொஞ்சம் நெகிழ்ந்துதான் போவார்கள். அழகான எழுத்துருவா என்று மட்டும் கேட்காதீர்கள்.)

எக்ஸ்பிக்குப் பின்னால் வந்தது சோதனைக் காலம். 2003-இல் ஸ்லாமர், பிளாஸ்டர் என்று வரிசையாக, தானாகவே பரவும் புழு நிரல்கள் உலகத்துக் கணினிகளைப் படுக்க வைத்தன. பாதுகாப்புதான் முதல் வேலை என்று கேட்ஸ் 2002 ஜனவரியிலேயே ஊழியர்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். பெரிய நாற்காலியை விட்டு இறங்கினாலும் மென்பொருளின் தலைமை வடிவமைப்பாளராக அவர் உள்ளேயேதான் இருந்தார், யார் பேச்சு எடுபடும் என்ற குழப்பம் அதிலிருந்தே வந்தது என்பது என் ஊகம். 2004-இல் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக் என்ற பெரிய அப்டேட் வந்து, வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலைத் தானாகவே போட்டுவைத்தது. அதற்காக ஆட்களை அங்கே திருப்பிவிட்டதில் லாங்ஹார்ன் என்று பெயரிட்டிருந்த அடுத்த விண்டோஸ் பின்னுக்குப் போனது. போதாக்குறைக்கு அதன் ஆசைகளும் அளவுக்கு மீறிப் போய், அதே 2004-இல் பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார்கள். கடைசியில் 2007 ஜனவரியில் விஸ்டா வந்தது. எதைத் தொட்டாலும் "அனுமதிக்கலாமா?" என்று கேட்டது, பிரின்டருக்கும் ஸ்கேனருக்கும் அவற்றை இயக்கும் டிரைவர் மென்பொருள் கிடைக்காமல் ஜனங்கள் அலைந்தார்கள், விஸ்டாவுக்கு ஏற்றது என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற கணினிகளில் பல அதைத் தாங்கவில்லை என்று அமெரிக்காவில் வழக்கே நடந்தது. பத்துக்கு 4, அதுவும் எழுத்துருக்களும் கண்ணாடி போன்ற ஜன்னல் ஓரங்களும் நன்றாக இருந்ததால்.

சரி, விண்டோஸ் 7. 2009 அக்டோபர் 22. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. உள்ளே பார்த்தால் விஸ்டாதான், ஆனால் ஸ்டீவன் சினோஃப்ஸ்கி என்ற கறாரான மேலாளரின் கையில் தேய்த்துக் கழுவி எடுத்த விஸ்டா. இவ்வளவுதான் செய்வோம், இந்தத் தேதிக்குள் செய்வோம் என்று முதலிலேயே கோடு போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். ஜன்னலை ஓரத்துக்கு இழுத்தால் பாதித் திரையில் போய் ஒட்டிக்கொள்வதும், அடிக்கடி பயன்படுத்தும் மென்பொருளை டாஸ்க்பாரில் குத்தி வைப்பதும் அதில் வந்தவை. இன்றைக்கும் கை பழக்கத்தில் செய்துகொண்டிருக்கிறோம், புதுமை என்றே தோன்றாத அளவுக்கு. விஸ்டா திணறிய அதே கணினிகளில் 7 ஓடியது. முக்கியமாக, அது நம்மிடம் எதையும் விற்கப் பார்க்கவில்லை. காசு கொடுத்து வாங்கினோம், அது வேலை செய்தது, கணக்கு தீர்ந்தது. 9 மதிப்பெண். 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்த பிறகும் அதை விட மனமில்லாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர்.

இவ்வளவு நல்ல பொருளைக் கொடுத்த அதே ஆட்சியில்தான் அவ்வளவு பெரிய சறுக்கலும் நடந்தது. 2007-இல் ஐபோன் வந்தபோது, 500 டாலரா, அதுவும் விசைப்பலகை இல்லாமலா என்று பால்மர் தொலைக்காட்சிப் பேட்டியில் சிரித்தார். அவரை அதற்காக இன்று வரை கேலி செய்கிறார்கள், ஆனால் சிரித்தது பெரிய குற்றமில்லை, அன்று சிரித்தவர்கள் நிறையப் பேர். உண்மையான சிக்கல் கல்லாப்பெட்டியில் இருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் விண்டோஸை ஒரு பிரதி விற்றுக் காசு பார்ப்பதுதான் மைக்ரோசாஃப்டின் தொழில். கூகுள் ஆண்ட்ராய்டை போன் தயாரிப்பவர்களுக்குச் சும்மா கொடுத்தது. சும்மா கிடைப்பதோடு போட்டி போட வேண்டுமென்றால் தன் பட்டத்து யானையைத் தானே தெருவில் விட வேண்டும், விற்பனையில் வளர்ந்த ஒருவருக்கு அது எப்படி மனம் வரும்? 2010-இல் வந்த விண்டோஸ் போன் உண்மையில் நல்ல பொருள். லூமியா ஒன்று வைத்திருந்தேன், அந்தச் சதுரக் கட்டங்களும் பெரிய பெரிய எழுத்துகளும் இன்றைய போன்களிலும் இல்லாத ஒரு தெளிவோடு இருந்தன. ஆனால் அதற்குள் செயலிகள் எழுதுபவர்கள் எல்லோரும் வேறு இரண்டு வீடுகளில் குடியேறிவிட்டார்கள்.

போனில் தோற்ற கோபத்தை மேசைக் கணினியில் காட்டியதுதான் விண்டோஸ் 8. 2012 அக்டோபரில், விரலால் தடவும் திரைக்காகவே செய்த கட்டங்களை எலியும் விசைப்பலகையும் வைத்திருந்தவர்கள் தலையில் கொட்டினார்கள். பதினேழு வருடமாக இருந்த ஸ்டார்ட் பட்டனைக் காணோம். கணினியை அணைக்கும் பொத்தானைக் கண்டுபிடிக்கவே வலது ஓரத்தில் எலியை நகர்த்தி ஒரு மறைந்த பட்டையை வரவழைக்க வேண்டும். விஸ்டாவில் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுத் தொல்லை செய்தார்கள், 8-இல் எதையுமே கேட்காமல் எடுத்துவிட்டார்கள். வைத்தால் குடுமி, சிரைத்தால் மொட்டை. வெளியான சில வாரங்களில் சினோஃப்ஸ்கி கம்பெனியை விட்டுப் போனார், 7-ஐச் செய்ததும் இதே மனிதர்தான் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்த வருடமே 8.1 வந்து பட்டனை மட்டும் திருப்பி வைத்தது, மெனுவை வைக்கவில்லை. 3 மதிப்பெண். கூடவே வந்த சர்ஃபேஸ் ஆர்டி என்ற டேப்லெட் விற்காமல் தேங்கியதில் 90 கோடி டாலரைக் கணக்கில் நஷ்டமாக எழுத வேண்டியிருந்தது.

உள்ளே ஊழியர்கள் வேறொன்றில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் இத்தனை பேர் முதல் தரம், இத்தனை பேர் கடைசித் தரம் என்று கட்டாயமாகப் பிரிக்கும் மதிப்பீட்டு முறை. எல்லோரும் நன்றாக வேலை செய்தாலும் யாராவது ஒருவர் கடைசியில் நின்றே ஆக வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் ஜெயித்தால் நாம் தோற்றோம் என்ற நிலைமையில் போன் குழுவும் விண்டோஸ் குழுவும் ஆபிஸ் குழுவும் கைகோத்து வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியுமா? 2013 நவம்பரில் அதை எடுத்துவிட்டார்கள், அப்போது பால்மர் விலகப்போவதாக அறிவித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் அறிவித்த அன்று பங்கு 7 சதவீதம் ஏறியதைப் பற்றி நான் என்ன சொல்ல, மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அவர் வந்தபோது வருட வருமானம் 2,300 கோடி டாலர் அளவில் இருந்தது, போகும்போது 7,800 கோடி டாலர் அளவில். அஷூர் என்ற மேகக் கணினிச் சேவை 2010-இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது, ஆபிஸ் 365 என்ற மாதச் சந்தா 2011-இல். இன்றைக்கு மைக்ரோசாஃப்ட் சோறு தின்பது இந்த இரண்டிலும்தான். அஷூர் இருந்த பிரிவைக் கவனிக்க 2011-இல் ஒருவரை உட்கார வைத்தார்களே, அவர் பெயர் சத்யா நாதெள்ளா. தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். பால்மர் வைத்தது பனை. இவர் விஷயத்தில் ஒரு திருப்பம் என்னவென்றால், போகும்போது பங்குகளை விற்காமல் கையில் வைத்துக்கொண்டார். அவற்றின் மதிப்பு நாதெள்ளா காலத்தில் ஏறி ஏறி, 2024 ஜூலையில் ப்ளூம்பெர்க் பட்டியலில் கேட்ஸையே தாண்டிவிட்டார். பார்த்தார், தின்னவும் செய்தார்.

நாதெள்ளா 2014 பிப்ரவரி 4 அன்று வந்தார். அடுத்த மாதமே ஐபேடுக்கு ஆபிஸ் வெளியானது, ஆஹா புதுக்காற்று என்று எல்லோரும் எழுதினார்கள். அதற்கான வேலை பால்மர் காலத்திலேயே நடந்துகொண்டிருந்தது, வெளியிட்ட கை மட்டும் புதுசு. ஆனால் இந்த மாதிரி விஷயங்களில் வெளியிடும் கைதானே முக்கியம். போட்டிக் கம்பெனியின் கருவியில் நம் பொருள் முதலில் நன்றாக ஓடலாம், விண்டோஸ் காத்திருக்கட்டும் என்று சொல்ல அங்கே அதுவரை யாருக்கும் வாய் வரவில்லை. விண்டோஸுக்குப் போட்டியான இலவச இயங்குதளம் லினக்ஸை 2001-இல் புற்றுநோய் என்று சொன்னார் பால்மர். 2014 அக்டோபரில், மைக்ரோசாஃப்டுக்கு லினக்ஸ் பிடிக்கும் என்று எழுதிய திரைக்கு முன்னால் நின்று பேசினார் நாதெள்ளா. 2013-இல் பால்மர் பேசி முடித்த நோக்கியா போன் வியாபாரம் இவர் தலையில் வந்து இறங்கியது, 2015-இல் அதற்காக 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதிவிட்டு, வேறு வழியில்லாமல் 7,800 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நடையைக் கட்டினார். அப்புறம் 2016-இல் வேலைத் தொடர்புத் தளமான லிங்க்ட்இன்னையும், 2018-இல் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பையும் வாங்கினார், 2019-இல் ஓப்பன்ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவுக் கம்பெனியில் முதல் 100 கோடி டாலர் போட்டார். 2018 மார்ச்சில் ஒரு மறுசீரமைப்பு நடந்தது, அவ்வளவாகப் பேசப்படாதது. விண்டோஸ் பிரிவின் தலைவர் டெர்ரி மையர்சன் வெளியேற, விண்டோஸை இரண்டாகப் பிரித்து வேறு வேறு குழுக்களுக்குக் கீழே வைத்தார்கள். பட்டத்து யானைக்கு அன்றோடு பாகன் இல்லை.

கம்பெனிக்கு இது அமிர்தம். 2019-இல் ஒரு லட்சம் கோடி டாலர் மதிப்பு, 2024 ஜனவரியில் மூன்று லட்சம் கோடி. விண்டோஸிலிருந்து வருவது மொத்த வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிட்டது. இங்கேதான் வாங்கிப் பயன்படுத்துகிற நம் கதை தனியாகப் பிரிகிறது. முன்பு விண்டோஸ் ஒரு பொருள், அது நன்றாக இல்லையென்றால் கம்பெனிக்கு வலிக்கும். இப்போது அது மற்ற பொருள்களுக்குப் போகும் வாசல். வாசலில் என்ன செய்வார்கள், தோரணம் கட்டுவார்கள், தட்டி வைப்பார்கள், உள்ளே வாங்க என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். ஸ்டார்ட் மெனுவில் செயலிப் பரிந்துரைகள், அவர்களுடைய எட்ஜ் உலாவியை விட்டு வேறொன்றுக்குப் போகப் பார்த்தால் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசிக்கச் சொல்லும் பெட்டி, கோப்புகளை ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பில் வைத்துக்கொள்ளச் சொல்லும் நச்சரிப்பு, நிறுவும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும் என்ற கட்டாயம். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் சின்ன விஷயம்தான். ஆனால் 7-ஐப் பயன்படுத்தியவனுக்கு, சொந்த வீட்டில் வாடகைக்கு இருப்பது போல இருக்கும்.

விண்டோஸ் 10 இந்த மாற்றத்தின் நடுவில் பிறந்தது, அதனால் இரண்டு குணமும் அதற்கு உண்டு. 2015 ஜூலை 29 அன்று, 7-உம் 8.1-உம் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருடம் சும்மாவே கொடுத்தார்கள். ஸ்டார்ட் மெனு திரும்பி வந்தது, கூடவே லினக்ஸைப் பக்கத்திலேயே ஓட்டும் வசதி (நிரல் எழுதுபவர்களுக்கு இது ஒன்றே போதும்), தனியாக வைரஸ் தடுப்பு மென்பொருள் வாங்க வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குத் தேறிய டிஃபென்டர். 2019-இல் தமிழ் 99 விசைப்பலகையை அதிலேயே சேர்த்துக் கொடுத்தார்கள், அந்த ஒரு காரியத்துக்காக நாதெள்ளா ஆட்சிக்கு நான் அரை மதிப்பெண் கூட்டிப் போடுகிறேன். மறுபக்கம், 2014 ஆட்குறைப்பில் சோதனையாளர்கள் பலர் போனார்கள், முன்னோட்டப் பதிப்பை வாங்கிப் பார்க்கும் பொதுஜனமே சோதனையாளரானது. 2018 அக்டோபர் அப்டேட் சிலருடைய கோப்புகளையே அழித்துவிட, அதை நிறுத்தி வைத்துச் சரிசெய்து மறுபடி விட்டார்கள். முதலாவது இரண்டாவதற்கு நேரடிக் காரணமா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, சந்தேகம் எனக்கு மட்டும் இல்லை என்று மட்டும் சொல்வேன். 7.5 மதிப்பெண்.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்று. முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் (மென்பொருள்தான், பெயர் வேண்டாம்) மூன்று வருடத்தில் இரண்டு தலைவர்கள் மாறினார்கள். முதலில் வந்தவர் ஆரம்பித்த ஒரு திட்டத்தில் நாங்கள் ராப்பகலாக உழைத்தோம், அவர் போனார். அடுத்து வந்தவர் வந்த ஆறாவது வாரத்தில் அதைத் திறந்து வைத்து ரிப்பன் வெட்டினார், வாழ்த்துகள் குவிந்தன, அவர் தானாக ஆரம்பித்ததெல்லாம் சொதப்பியபோது அவரும் இல்லை. அன்றிலிருந்து புதுத் தலைவர் வந்ததும் ஏறும் பங்கையோ வரும் பொருளையோ வைத்து அவரை எடை போடுவதை விட்டுவிட்டேன். வந்து நான்கைந்து வருடம் கழித்து என்ன வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும், சிப் செய்யும் கம்பெனிகளில் இன்னும் அதிகம். இன்டெலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஐபோனுக்குச் சிப் செய்து தர வந்த வாய்ப்பை அதன் தலைவராக இருந்த பால் ஒட்டெலினி விட்டார், 2013-இல் போகும்போது அவரே அதை ஒப்புக்கொண்டார். அவர் இருக்கும்வரை வருமானம் நன்றாகவே வந்தது. அடுத்து வந்த கிர்ஸானிச் காலத்தில் 10 நானோமீட்டர் என்ற அடுத்த தலைமுறைச் சிப் உற்பத்தி வருடக்கணக்கில் தள்ளிப்போக, அப்புறம் ஸ்வான், அப்புறம் கெல்சிங்கர் என்று ஆள் மாறி மாறி, கெல்சிங்கர் போட்ட தொழிற்சாலைத் திட்டங்கள் பலன் தருமா தராதா என்று தெரிவதற்கு முன்பே 2024 டிசம்பரில் அவரும் வெளியேறினார். பனங்கொட்டையை ஊன்றியவரையே தோட்டத்தை விட்டுத் துரத்துவது அங்கே பழக்கமாகிவிட்டது. மைக்ரோசாஃப்டில் குறைந்தபட்சம் ஒவ்வொருவருக்கும் பத்து வருடத்துக்கு மேல் கிடைத்தது.

சரி, விண்டோஸ் 11. 2021 அக்டோபர் 5. பார்க்க மூன்று பேர் காலத்திலும் வந்தவற்றில் இதுதான் அழகு, ஓரங்கள் வளைந்து, எழுத்து தெளிந்து, நோட்பேடு போன்ற கிழவர்களுக்குக்கூடப் புதுச் சட்டை. ஜன்னல்களைத் திரையில் பிரித்து அடுக்கும் வசதி பெரிய மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு வரப்பிரசாதம். நிலையாக ஓடுகிறது, பாதுகாப்பில் முந்தைய எதையும்விட மேல். ஆனால் அந்தப் பாதுகாப்பைக் காரணம் காட்டித்தான் டிபிஎம் 2.0 என்ற சிப்பும், இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோவும் வேண்டும் என்றார்கள், 2017-க்கு முன்னால் வாங்கிய நல்ல கணினிகள் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிட்டன. சிம்சிட்டிக்காகத் தனி நிரல் எழுதிய அதே கம்பெனி. டாஸ்க்பாரைத் திரையின் பக்கவாட்டில் வைக்கும் வசதி 95-இலேயே இருந்தது, 11 வந்தபோது எடுத்துவிட்டார்கள். 2024 மே மாதம் ரீகால் என்று ஒன்றை அறிவித்தார்கள், திரையில் நடப்பதையெல்லாம் சில நொடிக்கு ஒரு முறை படமெடுத்து வைத்துக்கொண்டு பிறகு தேடித் தருமாம். பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் கிழித்த கிழியில் தள்ளிவைத்து, விரும்புகிறவர்கள் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று மாற்றி, 2025 ஏப்ரலில்தான் விட்டார்கள். விசைப்பலகையில் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்கென்றே ஒரு பொத்தான். மேலே இருப்பவரின் கவனம் எங்கே இருக்கிறது என்பதை இப்போதெல்லாம் விசைப்பலகையைப் பார்த்தே சொல்லிவிடலாம். 6.5, அதில் பாதி அதன் அடியில் இன்னும் உயிரோடு இருக்கும் கட்லரின் அஸ்திவாரத்துக்கு.

ஆக, மாறலாமா? உங்கள் கணினி தகுதி பெற்றதாகச் சொன்னால் மாறுங்கள், அப்டேட் இல்லாத 10-இல் வங்கிக் கணக்கைத் திறப்பதைவிட அது மேல். தகுதியில்லை என்றால் அதற்காகப் புதுக் கணினி வாங்க ஓடாதீர்கள், தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்துகொள்ளும் வழி உண்டு. உலாவியும் கடிதமும்தான் உங்கள் வேலை என்றால் அந்தப் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள், நாதெள்ளாவுக்கே லினக்ஸ் பிடிக்கும்போது உங்களுக்கென்ன.

11-ஐ நிறுவியதும் முதல் வேலையாக செட்டிங்ஸுக்குள் போய் பர்சனலைசேஷனில் ஸ்டார்ட் பக்கத்தில் பரிந்துரைகளைக் காட்டும் சுவிட்சுகளை அணையுங்கள், பிரைவசி பக்கத்தில் விளம்பர அடையாள எண்ணையும். அப்புறம் டாஸ்க்பார் பக்கத்தின் கடைசியில் அலைன்மென்ட் என்று ஒன்று இருக்கும், சென்டர் என்று இருப்பதை லெஃப்ட் என்று மாற்றுங்கள். ஸ்டார்ட் பட்டன் இடது மூலைக்குப் போய்விடும், 95-இல் இருந்த அதே இடத்துக்கு.